றெஜினா அக்காவின் தட்டைமூக்குக் கார்

றெஜினா அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "அன்ரி, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா." "ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்தேன். அடக்கத்தன்றும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஜெர்மனியில் எங்கள் வுப்பர்டால் ஊர்த் தமிழ்ச் சனம் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியாமலில்லை.

அக்காவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அந்தக் காரையும் தெரியும். எண்பதுகளில் ஒரு ஜெர்மன்காரர் தன் மனைவிக்காகத் தொழிற்சாலையில் சொல்லிச் செய்வித்த டர்போ கார். மூக்கைத் தட்டையாக்கி, விளக்குகளை உள்ளே மடியவைத்து, அந்த அம்மாவுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறம் அடித்துக் கொடுத்தார்களாம். கணவர் போனபின் தனித்திருந்த அவரைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டவர் அக்கா. "பூட்டி வைக்காதே, ஓட்டு" என்று சொல்லி அந்த அம்மா காரை அக்காவுக்கே எழுதிவைத்தார். எங்கள் மன்னார் அக்கா அதில் மீன் வாங்கப் போனார்.

பழைய கார் சேகரிக்கும் ஒருவர் ஒருநாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே அக்கா ஒட்டியிருந்த, தன் ஊர்ப்பக்கத்து மடுக் கோவில் மாதா படத்தைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. அதைக் கழற்றினால் உடனே வாங்குவதாகச் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பி, "மாதாவை இறக்கிவிட்டிட்டு இவரை ஏத்தோணுமாம், கேட்டியே?" என்றார்.

பிறகு நோய் வந்து, அது கூடி ஓட்ட ஏலாமல் போனபின் அக்காவுக்கு ஒரே ஆசை, அந்தக் காரிலேயே ஒருமுறை இங்கே சனம் யாத்திரை போகும் கெவலார் மாதாவிடம் போகவேண்டும். ஓட்டோபான் என்ற அதிவேகச் சாலையை நினைத்தாலே நடுங்கும் என்னிடம் சாவியைத் தந்தார். "பயந்து பயந்து கார் ஓடுறவள்தான் எனக்கு வேணும்."

மிதித்தேன். அக்சிலேற்றரை எவ்வளவு அழுத்தியும் கார் அசட்டையாகப் போனது. "அக்கா, இது செத்துப்போச்சு!"

"எடியே, பொறு. இது டர்போ, மிதிச்ச உடனை வேகம் வராது. வரேக்கை ஸ்ரியறிங்கை மட்டும் விட்டிடாதை."

பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் பாய்ந்தது. நான் "மாதாவே!" என்று கத்த, அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கெவலாரில் மெழுகுதிரி ஏற்றினோம். என்ன கேட்டார் என்று சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மகன் சாவியோடு வந்தான். "அம்மா உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவ. பூட்டி வைக்க வேண்டாமாம்."

ஓட்டோபான் ஏறும் வளைவில் மிதித்தேன். ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். பிறகு கார் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. அப்போதுதான் அழுகையும் வந்தது, ஐயோ, அப்படியொரு அழுகை.

மாதா படம் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. ஸ்ரியறிங்கை நான் விடவில்லை, அக்கா.