கொடிமலையிலிருந்து தெரிந்த கோபுரம்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். மரத்தால் ஆனவள், தலையில் தகரக் கூரை, உடம்பெல்லாம் சுண்ணாம்பு. பினாங்குக் கடலுக்கு அந்தப் பக்கம், கெடா எல்லையை ஒட்டிய குன்றின் உச்சியில் நின்றாள். என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார், அவளைத்தான் விசாரிப்பார்.

"நிக்குதா புள்ள?"

"நிக்குது, நிக்குது. எங்க ஓடிப் போகப்போகுது?"

கல்யாணத்துக்கு முன்பு அவர் அந்தக் கோபுரத்தில் ஜாகா, அதாவது காவல்காரராக இருந்தவர். அப்போது கெடா சயாம்காரன் கையில். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன், அந்தப் பக்கம் சயாம். கள்ள அபின் வருகிறதா, திருட்டு மாடு போகிறதா என்று மேலே உட்கார்ந்து பார்த்து, எதையாவது கண்டால் மணி அடிக்கவேண்டும். அத்தனை வருஷத்தில் மூன்றே மூன்று முறைதான் அடித்தாராம். அதில் ஒன்று கல்யாண ஊர்வலம். போலீஸ்காரர்கள் ஓடிப்போய் மாப்பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் நூறு தடவை கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

பிறகு கெடாவும் வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. காவல் காக்க எல்லை இல்லை என்றாகிவிட்டது. கோபுரத்தை இடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இவரைப் பினாங்குக் கொடிமலைக்கு மாற்றினார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பலைத் தூரக்கண்ணாடியில் பார்த்து, இன்ன கப்பல் என்று கீழே டவுனுக்குத் தெரியும்படி கொடி ஏற்றுகிற வேலை. மேலேயே இரண்டு அறை வீடு. நான் வாழ்க்கைப்பட்டு வந்தது அந்த வீட்டுக்குத்தான்.

மலை ரயிலுக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் அவர் கண்ணில் புரை விழுந்தது. கிட்டத்தில் தெரியும், எட்டத்தில் எல்லாம் பாலை ஊற்றினமாதிரி இருக்கிறது என்றார். வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். பிள்ளை குட்டி கிடையாது, போக்கிடமும் கிடையாது. அதனால் நான் பார்க்க ஆரம்பித்தேன். காபித் தூக்கை எடுத்துக்கொண்டு கொடிமேடைக்குப் போவேன். யாரும் இல்லாதபோது தூரக்கண்ணாடியில் கண்ணை வைப்பேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. புகைபோக்கியின் நிறத்தைச் சொல்வேன், அவர் கப்பலின் பேரைச் சொல்லிவிடுவார்.

இரண்டு வருஷம் நான் ஓரிடத்தில் உட்கார்ந்து சோறு தின்றதில்லை. உலை கொதிக்கும், கால் வாசலுக்கு ஓடும். மட்டக்குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டால் தூரக்கண்ணாடியை விட்டுவிட்டு ஓடுவேன், துரை வந்துவிட்டானோ என்று. மாதாவே, அந்தப் பிழைப்பு என் எதிரிக்கும் வேண்டாம்!

மாதா கோயிலில் அன்னம்மாள் திருநாள் முடிந்த வாரம், வழக்கம்போலத் தூரக்கண்ணாடியை அந்தக் கரைக்குத் திருப்பினேன். குன்று இருந்தது. மேலே ஒன்றுமில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. முந்தின நாள் பால் கொண்டுவந்த அண்ணன் ஏதோ சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"அத பிரிச்சிட்டாங்க லா அக்கா. எஸ்டேட்டுல கூலிக்காரங்களுக்கு லயம் கட்டணும்னு பலகையெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க."

"நிக்குதா புள்ள?" என்றார் அவர். டம்ளரைக் கையில் பிடித்தபடி, பதிலுக்காகக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தார். கப்பலைக் கேட்கும்போது அவர் முகம் அப்படி இருக்காது.

"நிக்குது" என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னேன். பிறகு அது பழகிவிட்டது.

நாலு மாசம் கழித்துப் புதிய துரை சோதனைக்கு வந்தார். விடிந்ததும் எல்லாவற்றையும் இவரிடம் ஒப்பித்திருந்தேன்: இரண்டு கப்பல், ஒன்று கறுப்புப் புகைபோக்கி சிவப்புப் பட்டை, இன்னொன்று மஞ்சள். துரை மலாயில் கேட்க, இவர் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் கீழே முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிக் கேள்வியும் முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

துரைக்கு நல்ல மனசு போலிருக்கிறது. "நீ முன்பு எல்லைக் கோபுரத்தில் இருந்தவனாமே?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமாம் துவான். இங்கிருந்தே தெரியும். இன்று காலையில்கூடப் பார்த்தேன்" என்றார். அட மனுஷா, அதை உன்னை யார் கேட்டது!

உதறிக்கொண்டிருந்த துணியோடு மேலே பார்த்தேன்.

"எங்கே?" என்றார் துரை. இவர் கையை நீட்டிக் காட்டினார். விரல் மயிரிழைகூடப் பிசகவில்லை. துரை குனிந்து தூரக்கண்ணாடியில் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முற்றத்துப் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் கயிற்றில் எத்தனை துணி?" என்று கேட்டார்.

"நாலு, துவான்."

ஒன்பது இருந்தது. பத்தாவதை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

துரை திட்டவில்லை. மாசக்கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். சட்டி பானையை ஆள் வைத்து அனுப்பிவிட்டு நாங்கள் நடந்தே இறங்கினோம். பாதி மலையில், பாறை உடைக்கிற இடம் வந்ததும் அவர் நின்றார்.

"எப்பப் போச்சு?"

"அன்னம்மா திருநா முடிஞ்ச வாரம்."

"அப்ப தெனமும் எதப் பாத்துட்டு நிக்குதுன்னு சொன்ன?"

"ஒங்க மொகத்தத்தான் பாத்தேன், வேற எதப் பாக்க?" என்று கத்திவிட்டேன். கல் உடைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்க ஆரம்பித்தார்.

டவுனில் ஒரு சந்துக்குள் அறை பிடித்தோம். முதல் நாள் காலை பழக்கதோஷத்தில் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். அவர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"வெளிய என்ன தெரியுது புள்ள?"

"செவுரு."

"வேற?"

"செவுருதாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. என்ன தெரிகிறது என்று அவரும் அதற்குப் பிறகு என்னைக் கேட்டதில்லை.