செல்வமணி வீட்டு வாசல்

சுகர் லேண்ட் என்கிற இந்த அமெரிக்க ஊரில், எங்கள் தெருவிலேயே நல்ல மனிதன் யார் என்று கேட்டால், யோசிக்காமல் கிளாரன்ஸ் என்று சொல்வேன். ஆனால் என்னை அப்படிக் கேட்டவர் யாருமில்லை. "அந்த நர்ஸ் செல்வமணி ஹஸ்பண்ட் பிளாக்காமே, நிஜமா?" என்றுதான் கேட்பார்கள். அதையும் அவள் செய்து அனுப்பிய கேக்கை மென்றுகொண்டே கேட்பார்கள்.

செல்வமணி யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நானும் அவளும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அங்கேயே வேலை பார்த்த கிளாரன்ஸை எண்பத்தேழில் கல்யாணம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சர்ச்சுக்குப் போவாள். அங்கே எல்லோரும் கறுப்பினத்தவர், இவள் ஒருத்திதான் தமிழ். சனிக்கிழமை தமிழ் ஜெபக்கூட்டத்துக்குத் தனியாகப் போவாள். ஆப்பிரிக்க மிஷனுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிக்கிற கூட்டம் அது. ஒருமுறை கிளாரன்ஸ் கூடப் போனபோது அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் கடைசி வரை யாரும் உட்காரவில்லை. பிறகு அவன் போகவேயில்லை. நான் ஈரோட்டுக்காரி, முருகனைக் கும்பிடுகிறவள், எனக்கு எதற்கு இந்த வம்பு? ஆனாலும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கிளாரன்ஸைவிடக் கறுப்பு.

"கர்த்தர் நிறம் பாக்கிறேல்லை எண்டு படிச்சுத்தானக்கா வளந்தனாங்கள்," என்று ஒருநாள் பிரேக்கில் சொன்னாள். "இப்ப ரெண்டு இடத்திலையும் கண்ணை மூடினா ஜெபம் வாறேல்லை. ஆர் என்னைப் பாக்கினம் எண்டுதான் யோசினை ஓடுது. அவரின்ரை சர்ச்சிலை ஒரு அம்மா கேட்டா, உங்கடை ஆக்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கினம் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவளுடைய அம்மா தொண்ணூற்றாறில் டொராண்டோவுக்கு வந்து, தம்பி கஜீவன் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் போனை எடுப்பது கஜீவன்தான். "காப்பிலியைக் கட்டினவளோடை அம்மாவுக்கு என்ன கதை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். கறுப்பினத்தாரை அவர்கள் ஊரில் இழிவாகச் சொல்லும் சொல் அது. அம்மாவின் குரலைக் கேட்காமலே செல்வமணிக்கு நான்கு வருடம் போயிற்று.

இரண்டாயிரத்தில் மகள் மதுஷா பெரியவளானாள். தாய்மாமன் வந்து தலைக்குத் தண்ணீர் வார்க்காமல் அவர்களுக்குச் சாமத்தியவீடு, அதாவது மஞ்சள் நீராட்டு, கிடையாது. ஆள் விட்டுக் கேட்டதில் கஜீவன் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு. வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அதில் கிளாரன்ஸோ அவன் ஆட்களோ இருக்கக் கூடாது. அப்படி நடத்தினால் அம்மா இனி அவளோடு பேசலாம்.

"கிளாரன்ஸ் என்ன சொன்னாரு?" என்றேன்.

"உன்ரை அம்மாதானே, சரி எண்டார். சண்டை பிடிச்சிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும், அக்கா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலேயே விழா. அம்மாவை டொராண்டோவிலேயே விட்டுவிட்டு, கஜீவன் மனைவியோடு வந்திருந்தான். பின்பக்கத்தில் கஜீவன் மதுஷாவின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்த்தான். பிறகு அவளுக்குச் சேலை கட்டி, நகை பூட்டி, ஹாலில் ஜோடித்த நாற்காலியில் உட்கார வைத்தோம். கிளாரன்ஸ் ஐஸ் வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஆலாத்தி என்று அவர்கள் சொல்லும் ஆரத்தித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கஜீவன் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றான். அவன் பின்னால் செல்வமணி.

அப்போதுதான் லொரெட்டா வந்தாள், கிளாரன்ஸின் அக்கா. செல்வமணி அவளைக் கூப்பிடவில்லை. மதுஷா கூப்பிட்டிருக்கிறாள். சர்ச்சில் ஆட்களை வரவேற்று உட்கார வைக்கிற வேலை லொரெட்டாவுக்கு. அதற்கான வெள்ளை உடுப்போடு, இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, கையில் மூடிய அலுமினியத் தட்டுகளோடு நேராக வந்துவிட்டாள். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

கஜீவன் அவர்களைப் பார்த்தான், தட்டுகளைப் பார்த்தான். "கேட்டரிங்கா? அந்தப் பக்கமாப் போங்க, கிச்சன் வாசல் அங்கே இருக்கு," என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கராஜைக் காட்டினான்.

லொரெட்டா செல்வமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் என் நாத்தனார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செல்வமணி குனிந்து சேலை மடிப்பைச் சரி செய்தாள். மூன்று பெண்களும் கராஜ் பக்கம் நடந்தார்கள்.

மதுஷா நாற்காலியை விட்டு எழுந்தாள். கொலுசு சத்தத்தோடு சமையலறைக்குள் போனாள். செல்வமணி பின்னால் ஓட, நானும் போனேன். லொரெட்டா தட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா பிள்ளை, எல்லாரும் பாக்கினம்," என்றாள் செல்வமணி.

மதுஷா ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் இந்தச் சேலையைக் கட்டாமல் வந்திருந்தால், மாமா என்னையும் இந்த வாசலுக்குத்தான் அனுப்பியிருப்பார், அம்மா."

செல்வமணி லொரெட்டாவின் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்து வந்தாள். "தம்பி, இவதான் மதுஷாவின்ரை மாமி, தேப்பன்ரை கூடப்பிறந்தவ. முதல் ஆலாத்தி மாமிதான் எடுக்கவேணும்," என்றாள். வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

கஜீவன் கையிலிருந்த மாலையை நாற்காலியில் வைத்தான். "போவம்," என்று மனைவியிடம் சொன்னான், அவ்வளவுதான். இருவரும் போய்விட்டார்கள்.

நான் தட்டை லொரெட்டாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "எங்கம்மா காலமெல்லாம் வெள்ளைக்காரங்க வீட்டுக் கிச்சன் வாசல் வழியாத்தான் போனாங்க. என் தம்பி வீட்டிலும் எனக்கு அதேதான்னு நான் நினைக்கலே. நீ வாசலில் சொல்லியிருக்கணும், செல்வி," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மதுஷாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, வாசல் வழியாகவே வெளியே போனாள். வந்தவர்களும் ஒவ்வொருவராக நழுவிவிட, கிளாரன்ஸ் ஐஸ் மூட்டையோடு வந்தபோது ஆலாத்தி எடுக்க யாருமில்லை.

லொரெட்டா இப்போது சர்ச்சில் பார்த்தால் மரியாதையாகத் தலையசைக்கிறாள், வீட்டுக்கு வருவதில்லை. ஜெபக்கூட்டத்திலிருந்தும் யாரும் செல்வமணியைக் கூப்பிடுவதில்லை. அவள் மட்டும் டொராண்டோ நம்பரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அம்மாவே எடுத்தார்.

"அம்மா, நான் செல்வம்," என்றிருக்கிறாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டிருக்கிறது. பின்னாலிருந்து, ஆரம்மா அது, என்று கஜீவனின் குரல்.

"பிழையான நம்பர், தம்பி," என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "என்ன அம்மாடி அவங்க? பெத்த பொண்ணு குரல் தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெரியும், அக்கா," என்றாள் செல்வமணி. "அண்டைக்கு வாசலிலை நிண்ட லொரெட்டாவையும் எனக்குத் தெரியுந்தானே?"