வெள்ளிக் கை

மூன்றாவது கீமோ மருந்தேற்றலுக்கு அடுத்த வாரம், மாசி மாதத்து ஒரு வியாழக்கிழமை. சேலைத் துண்டொன்றைப் பழைய வலையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன். துணியின் ஓரத்தில் சிவப்பு ஊறியது. சாயம் கரைகிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். இன்னும் ஊறியது. துணியைத் திருப்பியபோதுதான் தெரிந்தது, இடது சுட்டுவிரலின் நுனியையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். வலிக்கவில்லை.

இதே மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் உவர்மலையில் இருப்பவள். பகலில் அலுவலக எழுதுவினைஞர். மாலையில் பலவிதப் பொருட்களைச் சேர்த்துப் படம் செய்பவள். சல்லிக் கடற்கரையில் கழித்துப் போட்ட வலை, கிண்ணியாவில் தையற்கடை வைத்திருக்கும் என் சிநேகிதி பரீதா தரும் வெட்டுத்துணி, பழைய வள்ளங்களிலிருந்து உரியும் பெயின்ட் செதில் ஆகியவற்றைத் தைத்தும் ஒட்டியும் எங்கள் ஊர்த் துறைமுகத்தைச் செய்வேன். வள்ளத்துக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் பூசுவார்கள். ஒரு செதிலில் மேலே நீலம், அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள் இருக்கும். எத்தனை பூச்சு என்பதை விரலால் தடவியே அறிந்துவிடுவேன்.

இடது மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சையில் மார்பை எடுத்தார்கள். அதற்கு என்னை நானே தயார்ப்படுத்தியிருந்தேன். கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்திருந்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்தில் பொழுது விடிந்தது. ஒன்றில்கூட விரல்களைப் பற்றி எதுவும் இல்லை.

வைத்தியர் இளையவர், மரியாதையானவர். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் மாறி மாறித் தொட்டார். எது எதுவென்று எனக்குச் சொல்ல ஏலவில்லை. புற நரம்புச் சேதம் என்றார் (கை, கால் நுனிகளுக்குப் போகும் நரம்புகளை மருந்து பழுதாக்குவது). சிலருக்கு மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றும் சொன்னார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மருந்து வேண்டாமெண்டிருப்பீங்களோ அம்மா?"

"யோசிச்சிருப்பன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அக்கா எனக்காகக் கோயில் அம்மாளுக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். எந்த உறுப்பு சுகமாகிறதோ அதன் உருவத்தை வெள்ளித் தகட்டில் செய்து கோயிலில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மார்பைச் சொல்ல அவளுக்கு வெட்கம். அதனால் கையை நேர்ந்தாள். நகைக்கடையில் உடனே வாங்கியும் வந்தாள். உள்ளங்கையளவுத் தகடு. ஐந்து விரலும் ஒரே நீளம், ரேகை இல்லை. அப்போதைக்கு அது என் கையைப் போலத்தான் இருந்தது. அலுமாரியில் வைத்தோம்.

மருந்து முடிந்தது. முடி வளர்ந்தது. வேலைக்குத் திரும்பினேன். சுகமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட அக்கா வரவேண்டியிருந்தது. தார் வீதியில் நடந்தாலும் மணலில் நடப்பதுபோல் கால் புதைந்தது. ஊசியை எடுத்தால் கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பாதியில் நின்ற படங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். உயிரைத் தந்து கையை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நான் நன்றியோடும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

ஒரு தரம் கொதிக்கிற தேநீர்க் கோப்பையைப் பிடித்து விரல் வெந்துவிட்டது. அதன் பிறகு எதையும் உதட்டில் வைத்துச் சூடு பார்த்தே குடித்தேன். அப்படிப் பார்க்கும்போது ஒருநாள், கோப்பையின் விளிம்பில் இருந்த சிறு உடைவு உதட்டுக்குத் தெரிந்தது. எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்து உதட்டில் வைத்தேன். பருத்தி. அடுத்தது நைலோன். வலையின் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா அருவருத்துப் போனாள்.

"சீ, மீன் நாறுற வலையை வாயில வைக்கிறாய். உனக்கும் பூனைக்கும் என்னடி வித்தியாசம்?"

"பூனைக்குத் தைக்கத் தெரியாது."

வைத்தியரிடம் சொன்னபோது, வள்ளத்துப் பெயின்டை வாயில் வைக்கவே கூடாது, அது நஞ்சு என்று கண்டித்தார். அது நியாயம். பெயின்ட் செதிலைத் தொடுவதேயானால் கழுவிய பிறகு கன்னத்தால் என்று ஒத்துக்கொண்டோம். நீங்களும் உங்களுக்கு உணர்வு மிஞ்சியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஆனால் கவனமாகத் தேடுங்கள்.

முன்பெல்லாம் மெல்லிய நூலால் தைத்து, தையலை மறைப்பேன். கெட்டித்தனம் அதில்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்னால் தைக்க ஏலாது. வலைநூலை எடுத்தேன். தையல்கள் நீளமாக, கோணலாக, மேலே கிடந்தன. மாரி தொடங்குவதற்கு முன் உள்துறைமுகத்துத் தண்ணீர் கறுத்துக் கிடக்குமே, அதைச் செய்தேன். முடித்த பிறகு கதிரையில் இருந்து நெடுநேரம் பார்த்தேன். முதல் தடவையாக, மற்றவர்களிடம் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்போல் தோன்றவில்லை. அது நன்றாக இருந்தது. இதற்காக நோய்க்கு நன்றி சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் நகரத்தில் ஒரு புற்றுநோய் விழிப்புணர்வுக் கண்காட்சி. படத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். 'மாரிக்கு முன் உள்துறைமுகம்' என்று பெயரும் எழுதிக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் அதன் கீழே 'நோயை வென்ற கைகள்' என்று ஓர் அட்டையில் அச்சடித்து, மூலையில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்தியிருந்தார்கள். வந்தவர்கள் முதலில் என் நெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு படத்தை. "பாவம், இந்தக் கையாலயே செய்தவ" என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். என்னோடு வந்திருந்த பரீதா அட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கை வென்றதெண்டு போட்டிரிக்கி மிஸ். கைக்குச் சொந்தக்காரிட பேரக் காணல்ல."

ஒழுங்கு செய்த அம்மையாரிடம் பெயரை மாற்றச் சொன்னேன். இப்படி இருந்தால்தான் மற்ற நோயாளிகளுக்கு நம்பிக்கை வரும் என்றார். கை வெல்லவில்லை, இன்னும் மரத்துத்தான் இருக்கிறது என்றேன். அதை இங்கே சொல்ல வேண்டாமே என்று குரலைத் தாழ்த்தினார். ரிப்பனைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் படத்தை இறக்கினேன். நானும் பரீதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓட்டோவில் ஏற்றினோம்.

கோயில் பொங்கலுக்கு அக்கா வெள்ளிக் கையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அவள் நேர்ந்து வாங்கியதிலிருந்து இது இரண்டாவது பொங்கல்.

"இந்த முறை குடுத்திடுவம். உணர்வு வந்திட்டுதெண்டு சொல்லு."

"வரேல்லை."

"அம்மாள் என்ன, உன்ர கையைப் பிடிச்சோ பார்க்கப் போறா?"

"நான் பார்க்கிறன் அக்கா."

அவள் கோபத்தோடு தகட்டை என் கையில் போட்டாள். போட்டது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தது. துடைக்காத பாதி கறுத்துப்போயிருந்தது, மாரிக்கு முந்திய தண்ணீரைப் போல.

திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டேன். மாதங்கள் போவதை இப்போது அதில்தான் பார்க்கிறேன். அக்கா துடைத்த பாதியிலும் சுண்டுவிரல் பக்கமிருந்து கறுப்பு ஏறிக்கொண்டு வருகிறது.