அலோசியஸ் கூப்பிடாமல் விட்ட கதவு

“எந்தக் கொம்பனாலயும் அந்த ஸ்டோர குளோஸ் பண்ண முடியாது. நான் வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான் அது குளோஸ். நான் கூப்பிட மாட்டேன். குழிக்குள்ள போற வரைக்கும் கூப்பிட மாட்டேன்!”

பூண்டுலோயா கடைத்தெருவில், தேநீர்க் கடை வாசலில், ஒரு கையில் பிளேன்டீயும் மறுகையில் குடையுமாக நின்று வாச்சர் அலோசியஸ் இப்படிப் பிரகடனம் செய்தார். சபையில் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்ற சிலர், ஒரு நாய். பாதியில் நாய் எழுந்து போய்விட்டது. மற்றவர்களை மழை பிடித்து வைத்திருந்தது.

அலோசியஸ் காவல் காத்தது மேலே மலையில் இருந்த தேயிலைத் தொழிற்சாலையை. தோட்டத்து மக்களுக்கு அது ஸ்டோர். அங்கே ஒரு நடைமுறை இருந்தது. கடைசி ஆளும் வேலை முடித்துப் போனபின், வாச்சர் மாடிப்படி அடியில் நின்று, “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் பூட்டு. எப்போதோ கொழுந்து வாட்டும் மேல்மாடியில் அசந்து தூங்கிய ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மறுநாள் வரை அவரை ஓடையில் தேடிய குழப்பத்தில் பிறந்த உத்தரவு அது. உத்தரவு போட்ட தோட்டத்துத் துரை போனார், அவருக்குப் பின் வந்த துரைகளும் போனார்கள், கம்பனியே கைமாறியது. கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அந்தக் குரல் கீழ் லயத்து வீடுகள் வரை கேட்கும். அதைக் கேட்டுத்தான் அவர் மனைவி மார்கிரட் அடுப்பில் தண்ணீர் வைப்பார்.

பிறகு ஒரு நாள் ஸ்டோர் வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். தொழிற்சாலை தற்காலிகமாகக் குளோஸ். கொழுந்து இனி லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகும். இயந்திரங்கள் உள்ளே இருப்பதால் வாச்சருக்கு மட்டும் வேலை உண்டு.

குளோஸ் என்ற சொல்லை அலோசியஸ் நம்பியதே இல்லை. ‘ரோடு குளோஸ்’ என்றால் மண் சரிந்திருக்கும், இல்லையென்றால் பெரிய மனிதர் யாரோ வருவார். இரண்டிலும் ஜனங்களுக்குக் கிடைப்பது மண்தான். ‘ஒஃபிஸ் குளோஸ்’ என்றால் கிளார்க் உள்ளேதான் இருக்கிறார், மீன் பனிஸை இன்னும் முடிக்கவில்லை. ‘பிரச்சினை குளோஸ்’ என்று சங்கத்தில் சொன்னால் தலைவரும் துரையும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். ‘மலை குளோஸ்’ என்றால் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள், சில மாதத்தில் துளிர்த்துவிடும். ‘அவன் துரையோட ரொம்ப குளோஸ்’ என்றால் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அங்கே யாரோ இன்னொருவருடைய கதை முடியப் போகிறது. ஆக, முடிந்தது முடிந்ததாகவே கிடந்த ஒரு குளோஸை அவர் தம் ஆயுளில் கண்டதில்லை.

ஆகவே அன்று அவர் கூப்பிடவில்லை. பெரிய கதவுக்குப் பூட்டுப் போட்டார். கொழுந்து இறக்கும் பக்கத்துச் சின்னக் கதவை வெறுமனே சாத்தினார். கூப்பிடாமல் போட்ட பூட்டு சட்டப்படி பூட்டே இல்லை, அதனால் ஸ்டோர் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, ஆட்கள் கொஞ்சம் தாமதமாக வருகிறார்கள், அவ்வளவுதான் என்பது அவர் முடிவு. அந்தத் தாமதம் வருஷக் கணக்கில் நீண்டுகொண்டே போனது. அலோசியஸ் தினமும் போய், உருளை இயந்திரத்தைத் துணியால் துடைத்துவிட்டு வந்தார்.

இந்த நிலையில்தான் மாடிப்படித் தூசியில் காலடித் தடம் தெரிந்தது. சப்பாத்துக் கால் அல்ல, வெறுங்கால். இன்னொரு நாள் சம்பல் வாசனை. அதற்கடுத்து சோறு கட்டும் ஒரு லன்ச் ஷீட், அழகாக நான்காய் மடித்தது.

“மெஷின கழட்டுறானுங்க மார்கிரட்டு. கம்பனிக்காரனே ஆள் வச்சுக் கழட்டுறான்.”

“கழட்டுறவன் லன்ச் ஷீட்ட மடிச்சா வச்சுட்டுப் போவான்? நீங்க யாருக்குச் சோறு கொண்டுபோய்க் குடுக்குறீங்கன்னு எனக்கு இப்பத்தான் சந்தேகமா இருக்கு.”

ஒரே வீட்டில் இரண்டு சந்தேகம் ஆகாது என்று அலோசியஸ் வெளியே இறங்கினார். வழியில் மலை வேலையைப் பார்க்கும் இளம் கண்டாக்கு விஜிதரன் எதிர்ப்பட்டார்.

“அண்ணே, ஸ்டோர் மேல்மாடிப் பலகையெல்லாம் உளுத்துப்போச்சாம்ல? அந்தச் சின்னக் கதவையும் பூட்டிருங்க. எவராச்சும் ஏறி விழுந்தா வம்பு.”

“யாருங்கய்யா ஏறப் போறாங்க?”

“எனக்கென்ன தெரியும்?”

எனக்கென்ன தெரியும் என்பவரை முதலில் பிடி என்பது அலோசியஸின் கொள்கை. பலகை உளுத்தது என்பார்கள், ஆபத்து என்பார்கள், பூட்டச் சொல்வார்கள், பூட்டியதும் மெஷினை ஏற்றப் பின்பக்கமாய் லொறி வரும். அவர் பூட்டவில்லை. மறுநாள் மழை அடித்து ஊற்றிய மத்தியானத்தில், கையில் தடியோடு மேல்மாடி மூலையில் பழைய சாக்குகளுக்குப் பின்னால் பதுங்கினார்.

சின்னக் கதவு கிறீச்சிட்டது. படியில் காலடிகள். கொள்ளைக் கூட்டம் இடுப்பில் மழைக்குப் படங்குத் துணி கட்டியிருந்தது, முதுகில் கொழுந்துப் பை போட்டிருந்தது, பேச்சு வேறு பலமாக இருந்தது. அழகம்மா முன்னால் வர, கொழுந்து பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் பின்னால் ஏறி வந்து, காலில் இருந்த அட்டையைத் தட்டிவிட்டு, ரொட்டிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

அலோசியஸ் தடியோடு எழுந்தார். பெண்கள் அலறினார்கள். அலோசியஸும் அலறினார்.

“அட, நம்ம வாச்சரண்ணே!” என்றார் அழகம்மா. “பேய்னு நெனச்சேன். பேயாவது செருமிட்டு வரும்.”

“இங்க என்னா பண்றீங்க? யாரு ஒங்கள உள்ள விட்டா?”

“நீங்கதான். எங்களுக்காகத்தான கதவத் தொறந்து வச்சிருக்கீங்க? நனையாம திங்கட்டும்னு ஒரு மனுசனாவது நெனச்சாரேன்னு மாதாகோவில்ல ஒங்களுக்கு மெழுகுவத்தி கொளுத்தச் சொல்லி, அங்க பூசைக்குப் போற டெல்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நான் மாரியம்மனுக்கு ஏத்துறவ, எனக்கு அந்த முறையெல்லாம் தெரியாது.”

அலோசியஸ் திகைத்தார். திட்டுவதா, மெழுகுவர்த்தியை ஏற்றுக்கொள்வதா?

“சும்மா நிக்காதீங்க. இந்தாங்க, ரொட்டி” என்று அழகம்மா அவரை நோக்கி இரண்டு அடி வைத்தார்.

பலகை முறிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை; பிஸ்கட் ஒடிவதுபோல். அழகம்மா இடுப்பு வரை உள்ளே போனார். அவர் கால்கள் கீழே இரும்பு இயந்திரத்துக்கு நேர் மேலே அந்தரத்தில் ஆடின. அலோசியஸ் தடியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்து அவர் கையைப் பிடித்தார். பெண்கள் அலோசியஸின் காலைப் பிடித்தார்கள். எல்லோரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் அழகம்மா மேலே வந்தார். தொடை கிழிந்து இரத்தம் ஓடியது. முதுகிலிருந்த பை மட்டும் கழன்று ஓட்டை வழியே கீழே போய்விட்டது.

அழகம்மா ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

“அண்ணே, ஒங்க ஸ்டோருக்குக் கொழுந்து வந்திருச்சு.”

அலோசியஸும் எட்டிப் பார்த்தார். அவர் தினமும் துடைத்த உருளை இயந்திரத்தின் மேல் பச்சைக் கொழுந்து பரவிக் கிடந்தது. எத்தனை வருஷமாக அவர் காத்திருந்த காட்சி! அதன் மேல் அழகம்மாவின் காலிலிருந்து சொட்டிய இரத்தமும் இருந்தது. ஆளும் பையோடு போயிருந்தால் எங்கே விழுந்திருப்பார் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. இதில் சந்தேகப்பட இடமே இல்லை. அதுதான் அவரை மிகவும் வதைத்தது.

பெண்கள் அழகம்மாவைத் தாங்கிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனார்கள். போகும்போது அழகம்மா திரும்பி, “கொழுந்த எடுத்து வைங்கண்ணே, நிறுக்கணும்” என்றார். அலோசியஸ் ஒரு இலை விடாமல் பொறுக்கிப் பையில் போட்டு வெளியே வைத்தார். இரத்தம் பட்டதைத் தனியே எடுத்துத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இயந்திரத்தைத் துடைத்தார். மழைக்கு ஒதுங்க அவர்களுக்கு வாசலோரம் இருக்கும் தம் வாச்சர் கொட்டில் போதும், இரண்டு தகரம் கூடப் போட்டால் சரி என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

பிறகு மாடிப்படி அடிக்கு வந்து நின்றார். வெளியே யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

குரல் துருப்பிடித்திருந்தது. இரண்டாவது முறை கொஞ்சம் திறந்தது. மூன்றாவது முறை கீழ் லயம் வரை போனது; அங்கே மார்கிரட் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. அலோசியஸ் உத்தரவுக்கு மேலேயே காத்திருந்தார். ஒருவரும் பேசவில்லை.

சின்னக் கதவை இழுத்துப் பூட்டினார். பூட்டை அசைத்துப் பார்த்தார். நாலு எட்டு நடந்தவர், நம்பிக்கை இல்லாமல் திரும்பி வந்து, இன்னொரு தடவையும் அசைத்துப் பார்த்தார்.