ஜீப் கூரையில் ஒரு தகடு

தகடு உடைந்துவிட்டது என்று இன்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

அப்பா கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார். டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் மாட்டி இழுத்துப் போவார். ஜெர்மனியில் இருக்கும் அண்ணன்தான் யோசனை சொன்னான்: ஜீப் கூரையில் ஒரு ஃபைபர் தகட்டைச் சாய்த்து மாட்டினால் காற்று ஜெனரேட்டரில் மோதாமல் மேலே போய்விடும், டீசல் மிச்சமாகும்.

மிச்சமானது உண்மைதான். ஆனால் அப்பாவுக்குச் சந்தோஷம் அதில் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பேசுகிறவன், மைலேஜ் கேட்க ஞாயிறுதோறும் கூப்பிட ஆரம்பித்தான்.

இந்தப் புதன்கிழமை பாபநாசத்தில், மண்டப வாசலில் கட்டியிருந்த மூங்கில் வளைவில் தட்டி, தகடு இரண்டாகிவிட்டது.

இன்று வீடியோவில் வந்தான். அப்பாவுக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மைலேஜ் எப்டிப்பா?"

"நல்லா குடுக்குதுடா."

"தகட்டக் காட்டுங்க, பாப்போம்."

ஜீப் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைத் திருப்பவில்லை.

"வண்டி குத்தாலத்துல நிக்குதுடா. முகூர்த்தம்."

"உங்களுக்கு லீவே கெடையாதாப்பா? சரி, அடுத்த வாரம் காட்டுங்க. தங்கச்சி எங்க?"

"அவதான் போன புடிச்சிருக்கா."

"அப்டியா, கேட்டேன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டான். அப்பாவும் மறக்காமல் என்னிடம் சொன்னார்: "அண்ணன் கேட்டான்மா."

உங்கள் வீட்டில் எதைக் கேட்க போன் வருகிறது? சொல்லுங்கள், அதையும் மாட்டிப் பார்க்கிறோம்.

அப்பா தகடு வாங்கக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது.