வெள்ளிக்கிழமை மீன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் துபாய் பக்கம் அஜ்மானில் இருந்தோம். என் வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போய்விட்டால் பேச எனக்கு ஆள் கிடையாது. லீவு வெள்ளிக்கிழமை ஒன்றுதான். வெயில் தணிந்த ஐப்பசியில் அன்றைக்கும் மீன் பிடிக்கக் கிரீக் என்கிற கடல்கழிக்குப் போய்விடுவார். ஊர் திரும்பிய வெள்ளைக்கார ஆபீசர் கொடுத்துவிட்டுப் போன கயாக் ஒன்று இருந்தது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு. வெள்ளிக்கிழமை நான் மீன் ஆக்க மாட்டேன் என்பதால், பிடித்த கொடுவாவை நண்பர்கள் ரூமில் கொடுத்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவார். நான் ரசம் ஊற்றித் தனியாகச் சாப்பிடுவேன்.

ஒரு வாரம் துணிந்து சொன்னேன். "இன்னிக்கு மீனை இங்க கொண்டாங்க. நான் ஆக்குறேன்."

"வெள்ளிக்கிழமையாச்சே?"

"அது ஊர்ல. இங்க லீவு நாள்தானே."

சிரித்துக்கொண்டே போனார். மசாலா அரைத்து, இரண்டு தட்டு கழுவி வைத்துக் காத்திருந்தேன். மத்தியானம் பெரிய மீனோடு வந்தார். பின்னாலேயே ரூம் ஆட்கள் நான்கு பேர்.

"அண்ணி, இனிமே வாராவாரம் இங்கதான். இவன் சமையல்லேருந்து தப்பிச்சோம்," என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

பரிமாறி முடித்து நான் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கூடத்தில் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கிரீக்கில் கிடைத்தது கொடுவாதானா, வேறு மீனா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.