ராசி இல்லாத மிஷின்

திருப்பதியில் வேலை பார்ப்பவர்களுக்கு என்று ஒரு தலையெழுத்து உண்டு. வெளியூரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் நலம் விசாரிப்பார்கள், அடுத்த மூச்சில் தரிசன டிக்கெட் கேட்பார்கள். எங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பெங்களூர் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான். அவர்களுக்குக் கண்ணாடிக் கட்டடம், ஏசி, கேன்டீன் எல்லாம் இருந்தது. எங்கள் முதலாளியின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. அவர்கள் பார்வையில் நாங்கள் இன்ஜினியர்களே இல்லை, லட்டு வாங்கி அனுப்பும் ஆட்கள்.

எனக்கு அந்த மாடி பிடித்திருந்தது. வீடு புத்தூரில். கணவர் அங்கேயே அரசுப் பள்ளி வாத்தியார். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்பிவிடலாம். சித்தூரில் என்னோடு இன்ஜினியரிங் படித்தவர்கள் பெங்களூர், சென்னை, அமெரிக்கா என்று மூட்டை கட்டிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் "நீ இன்னும் இங்கியேதான் கீறியா?" என்று கேட்காத சொந்தம் கிடையாது. எனக்கு வருகிற கோபத்துக்குப் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன்.

அப்போது என் கையில் இருந்தது பெங்களூரில் யாரும் தொட விரும்பாத வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தன் கணக்குப் போடும் புரோகிராமை ஃபங்ஷனல் மொழி ஒன்றில் எழுதிக் கேட்டிருந்தார். அந்த மொழியில் எல்லாமே சூத்திரம் மாதிரி எழுத வேண்டும். எண் கேட்கும் இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் எழுதியதை மிஷினுக்குப் புரிகிறபடி மாற்றும் கம்பைலர் வாசலிலேயே நிறுத்திவிடும். அதைக் கற்கப் பொறுமையில்லாமல் எங்கள் தலையில் கட்டினார்கள். அதன் கறார்த்தனம் என் குணத்துக்கு அப்படியே பொருந்தியது. கம்பைல் ஆகிவிட்டால் ஓடும் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் கம்பைல் ஆனதோடு வேலை முடிவதில்லை. நாம் எழுதியதோடு மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரிகளையும் சேர்த்து ஒன்றாகப் பிணைக்க வேண்டும். லிங்கர் என்கிற புரோகிராம்தான் அதைச் செய்யும். எங்கள் புரோகிராமுக்கு C மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி தேவைப்பட்டது. எங்கள் ஆபீஸில் எல்லா மிஷினிலும் அது சத்தமில்லாமல் பிணைந்தது. பெங்களூரிலும் வாடிக்கையாளரிடமும் மட்டும் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று திரை முழுக்கக் கொட்டியது. அவர்களும் லைப்ரரியைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்தார்கள், லைப்ரரிகளின் வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பெங்களூர் மேனேஜர் போனில் சிரித்தார். "உங்க கோடு உங்க ஊர்ல மட்டும்தான் ஓடுது. சாமி மகிமையாம்மா?" சிரித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேலைய இங்க எடுத்துக்கறோம். நீங்க வேணும்னா இங்க வந்து சேர்ந்துக்குங்க."

வீட்டில் சொன்னபோது கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "நீ போறதுன்னா போ. நான் ஆக்கித் துன்னுகினு இருந்துடுவேன்" என்றார். அவர் வைக்கும் ரசத்தைக் குடித்தவள் என்ற முறையில் எனக்கு அதுவே பெரிய கவலை. ஆனால் மடித்த பேப்பரையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் எல்லார் வாயிலும் விழுந்து எழுந்து கட்டிக் காத்த வாழ்க்கை ஒரு லைப்ரரியால் போகப்போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும்.

மறுநாள் ரயிலில் அந்த எரரை மறுபடியும் படித்தேன். அதில் லைப்ரரியைக் காணோம் என்று எங்கேயும் இல்லை. லைப்ரரி இருக்கிறது, நாங்கள் கேட்ட பெயர்தான் அதற்குள் இல்லை என்று இருந்தது. கடை பூட்டியிருப்பது வேறு, கடை திறந்திருந்தும் கேட்ட சாமான் இல்லாமல் போவது வேறு. பெங்களூர்க்காரர்கள் திறந்த கடையின் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் கோளாறு அவர்களிடம் இல்லை. கேட்ட சாமான் எங்களுக்கு மட்டும் எந்தக் கடையிலிருந்து கிடைக்கிறது?

ஆபீஸுக்குப் போனதும், செய்வதை எல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே செய் என்று கம்பைலரையும் லிங்கரையும் வரிசையாக ஓட்டும் பில்டு டூலுக்குக் கட்டளை கொடுத்தேன். லிங்கர் எந்த எந்த ஃபோல்டருக்குள் போகிறது என்று திரையில் ஓடியது. அது நேராக நான் கேள்விப்படாத ஒரு ஃபோல்டருக்குள் போய், அங்கிருந்த ஒரு பழைய லைப்ரரியை எடுத்தது. பக்கத்து மிஷினிலும் அதே ஃபோல்டர். அதற்குப் பக்கத்திலும் அதே. எனக்குப் பொறி தட்டியது. நிமிர்ந்து மூலையில் இருந்த ராசி மிஷினைப் பார்த்தேன்.

முதலாளிக்கு முதல் ஆர்டர் வாங்கிக் கொடுத்தது அந்த மிஷின்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைப்பார். எந்தப் புது மிஷின் வந்தாலும் அதை வெறுமையாகத் தொடங்க விடமாட்டார். ராசி மிஷினின் டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்துப் போட்டால்தான் அதற்கும் ராசி ஒட்டும் என்பது அவர் நம்பிக்கை. அந்த முதல் ஆர்டருக்காகக் காட்டிய டெமோவுக்காக அப்போதைய இன்ஜினியர் ஒருவர் தன் கையால் பழைய லைப்ரரியைக் கட்டி அந்த ஃபோல்டரில் வைத்து, முதலில் இங்கே பார் என்று பில்டு டூலுக்கும் எழுதி வைத்திருக்கிறார். அவர் எப்போதோ அமெரிக்கா போய்விட்டார். அவருடைய லைப்ரரி மட்டும் குங்குமத்தோடு எல்லா மிஷினுக்கும் குடிவந்துவிட்டது.

இதை நிரூபிக்க ராசி படாத ஒரு மிஷின் வேண்டும். எதன் டிஸ்க்கையும் கழற்ற முதலாளி விடவில்லை. "வத்தும்மா, வத்து!" என்று தெலுங்கில் வேண்டவே வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். கடைசியில் அக்கவுன்ட்ஸ் அக்காவின் மிஷின் ஞாபகம் வந்தது. அது மட்டும் செகண்ட்ஹேண்டில் வந்தது, பில் போடுவதற்காக. "அதுக்கு ராசியே லேது, ஏமைனா சேஸ்கோ" என்று, ராசியே இல்லாததை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று முதலாளி அதைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்.

அக்கா விடுவதாக இல்லை. "இன்னாம்மா இது, பில்லு போட்டுக்கினு இருக்கசொல்ல மிஷின புடுங்கற?" என்று சண்டைக்கு வந்தாள். அவளுடைய டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். அதை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னை முறைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் ஒரு காலி டிஸ்க்கை மாட்டி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, எங்கள் புரோகிராமைப் பில்டுக்கு விட்டேன்.

பெங்களூரில் கொட்டிய அதே எரர், வரிக்கு வரி, திருப்பதியில் முதல் முறையாகக் கொட்டியது. "வந்துடுச்சி!" என்று கத்திவிட்டேன். ஆபீஸே ஓடி வந்தது.

"இன்னாம்மா, சரியாப் போச்சா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, எரர் வந்துடுச்சி!"

அவள் டிஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணால் பார்த்துவிட்ட எரர் பாதி செத்த மாதிரி. புதிய லைப்ரரியில் நாங்கள் கேட்ட ஃபங்ஷனின் பெயரை மாற்றி, கூடுதலாக ஒரு விவரமும் கேட்டிருந்தார்கள். நாங்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அழைக்கும் இடத்தைத் திருத்தினேன். எந்தப் பதிப்புக்கு மேல் வேண்டும் என்று பில்டு ஃபைலில் தெளிவாக எழுதினேன். முன்பு கட்டி வைத்த துண்டுகளை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து விட்டேன். கம்பைல் ஓடியது. கடைசியில் லிங்கிங் என்று ஒரு வரி வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. லிங்கர் வாய் மூடினால் ஜெயித்தோம் என்று அர்த்தம். சோதனைக் கணக்குகளும் ஒன்று விடாமல் பொருந்தின. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வாடிக்கையாளரிடமிருந்து பில்டு ஆகிவிட்டது என்று பதில் வந்தபோது வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி குங்குமச் சிமிழோடு வந்தார். ராசி மிஷினுக்கு வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, அக்காவின் பழைய மிஷினுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தப் பில்டும் முதலில் அதில் ஓடிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று ஆயிற்று. அக்காவுக்குப் புது மிஷின் வந்தது.

சில நாள் கழித்து பெங்களூர் மேனேஜரிடமிருந்து போன். டிக்கெட்தான் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். நேரில் வருவதாக மட்டும் சொன்னார். காலை பஸ்ஸில் இறங்கி, தோளில் பையோடு துணிக்கடைப் படியேறி வந்தார்.

"மலைக்குப் போயிட்டு வரீங்களா சார்?"

"இன்னும் போகலம்மா. எங்க வேற ப்ராஜெக்ட்லயும் இதே எரர்தான், யாருக்கும் பிடிபடல. முதல்ல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு காட்டுங்க. இந்த வேலை இங்கயே இருக்கட்டும், அந்த வேலையும் உங்களுக்கே அனுப்பறோம்."

திருப்பதிக்கு வந்த ஒரு மனிதர் மலையைத் தள்ளிவைத்துவிட்டு எங்கள் மாடிக்கு முதலில் வந்திருக்கிறார். பொட்டு வைத்த மிஷினுக்கு முன்னால் அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். மத்தியானம் வரை நோட்டில் குறித்துக்கொண்டே கேட்டார். கிளம்பும்போது தயங்கித் தயங்கித் தரிசன டிக்கெட் பற்றிக் கேட்டார். அந்த ஒரு முறை மட்டும், ஓடிப்போய் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்தேன்.